பிரமிப் பொடியும் பிரமைப் பொடியும்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் நேற்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குப்பி இருந்தது. பச்சை எழுத்தில் ‘பிரமி’ என்று போட்டு, அதன் கீழே ‘மனச்சோர்வை முற்றிலும் போக்கும்’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ‘முற்றிலும்’ என்ற சொல்லைப் பார்த்ததும் உன் முகம்தான் கண்ணில் வந்து நின்றது. நீ இருந்திருந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைக்காரரைக் குடைந்தெடுத்திருப்பாய். நீ இல்லாத குறைக்கு நானே கேட்டேன். “கம்பெனிக்காரன் போடுததுதான ஆச்சி, நாங்க விக்கத்தான செய்யுதோம்” என்றார். நான் ஆச்சியாம். சிரித்துக்கொள்.

கோபப்பட்டும் அந்தக் குப்பியை வாங்கிவந்தேன். ஒரு குளிகையைப் பிரித்து, உள்ளே இருந்த தூளில் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பார்த்தேன். நுரை எழும்பி அடங்காமல் நின்றது. பிரமிதான். இந்த வயதிலும் சமையலறையில் நின்று மருந்தைக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றால் அதற்கு நீதான் காரணம். நீ போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. உன்னிடம் பேசி முடிக்காத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நீ தாவரவியல், நான் வேதியியல். உனக்கு இலையும் வேரும் போதும். எனக்கு அதை இடித்து, காய்ச்சி, வடிகட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் மனசு ஆறும். “செடியக் கொன்னுதான் ஒனக்குப் பாடமே நடக்குது” என்பாய். நான் உன்னைப் புல் மேய்கிறவள் என்பேன். உனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாய், யார் முன்னால் என்றாலும். மாணவிகள் முன்னால் நீ அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் என் அக்காவுக்கு அது வந்தது. அச்சன்புதூரில் வயலும் மாடுமாக இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. பிள்ளை அழுதால் திரும்பிப் பார்ப்பாள், எடுக்க மாட்டாள். முற்றத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி ஒரு மனச்சோர்வு வரும் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சொல், பிரமை. பிரமை பிடித்திருக்கிறது, பிரமை தெளிய வேண்டும் என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதையே சொன்னார்கள்.

தென்காசி வைத்தியர் ஒருவர் வந்து நாடி பார்த்துவிட்டு மருந்து சொல்லிப் போனார். பிரமை தெளிய அருவியில் தலையைக் காட்டுவது நம் பக்கத்து வழக்கம்தானே. அதனால் சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அக்காவைக் கூட்டிவந்தார்கள். காலையில் பேரருவிக் குளியல், வந்ததும் நெய்யில் குழைத்த பொடி. கூட இருந்து பார்த்துக்கொண்டது அக்காவின் மாமியார். அத்தை நல்லவள்தான். மருமகளுக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டவள்.

ஆனால் அக்கா தெளியவில்லை. மூழ்கிக்கொண்டே போனாள். ஒரு சனிக்கிழமை காலையில் நீயும் என்னோடு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நாம் ஆளுக்கொரு கையாக அவளைப் பிடித்துக்கொண்டோம். கரைக்கு வந்து உட்கார வைத்துவிட்டு, ஈரம் துடைக்க எழுப்பியதும் கண் செருகிச் சரிந்தாள். அத்தை, “ஈசுவரா, பிரமை எறங்கும்போது இப்பிடித்தான் ஆட்டும்” என்றாள். அருவிச் சத்தத்துக்கு நடுவே அக்கா என் காதில், “தண்ணி என்னையக் கூப்பிடுதுட்டி” என்றாள்.

நீ அதைக் கேட்கவில்லை. நீ அவளுடைய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “எத்தன நாளா மூக்கடைப்பு?” என்று கேட்டாய். தண்ணீரில் நின்றால் மூக்கடைக்காமல் என்ன செய்யும் என்று நான் எரிந்து விழுந்தேன். “எல்லாருந்தான் தண்ணில நிக்கோம். எழும்புனா மயக்கம் வருது, கை நடுங்குது, மூக்கு அடைச்சே கெடக்கு. இது அருவி குடுக்குதது இல்லட்டி” என்றாய். வாடகை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொடியைக் கேட்டாய். அத்தை பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். மங்கலான பழுப்பு நிறம்.

“என்ன பொடி அத்தை?”

“வைத்தியர் சொன்ன பிரமைப் பொடிதான். செங்கோட்டையில எம்மகன் போயி வாங்கியாந்தான்.”

நீ ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, மிச்சம் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாய். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாய்: “வைத்தியர் சொன்னது பிரமியா இருக்கணும். நீர்ப்பிரமி. மனசு சோர்ந்து போனா அதைத்தான் நெய்யில குடுப்பாங்க. பிரமின்னா முழுச் செடியக் காயவச்சு இடிப்பாங்க, பச்சையா இருக்கும். இது ஏதோ வேரு.”

“அப்போ அத்தான் மாத்தி வாங்கிட்டு வந்துட்டாரா?”

“தெரியல. பாப்போம்.”

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போனோம். விடுமுறை என்பதால் ஆய்வுக்கூடத்தில் நம்மைத் தவிர ஆள் இல்லை. பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினேன். பிரமியில் சாப்போனின் என்கிற பொருள் நிறைய உண்டு; சிகைக்காயைப் போல நுரைக்கும். இது நுரைக்கவில்லை. அடுத்து, நீர்த்த அமிலத்தில் காய்ச்சி, வடிகட்டி, ஆல்கலாய்டு என்கிற வீரியமான தாவரப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் கரைசலில் இரண்டு சொட்டு விட்டேன். குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் திப்பிதிப்பியாக இறங்கியது. “போதும், இப்பவே போய் நிறுத்தச் சொல்லுவோம்” என்றேன்.

நீ நகரவில்லை. “பிரமியிலயும் கொஞ்சம் ஆல்கலாய்டு உண்டுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அசல் பிரமிய வச்சு ஒத்துப் பாக்காம எதையும் சொல்லக் கூடாது” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக் கரைக்குப் போய்விட்டாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. என் அக்கா அங்கே மயங்கி விழுந்துகொண்டிருக்கிறாள், நீ இங்கே சேற்றில் செடி பிடுங்குகிறாய். முழங்கால்வரை சேறோடு திரும்பிவந்து, அந்தச் செடியை அடுப்பில் வாட்டி இடித்துக் கொடுத்தாய். அது நுரைத்தது. அதே கரைசலில் லேசாகக் கலங்கியதோடு சரி. நீ மைக்ராஸ்கோப்பில் குனிந்து பழுப்புப் பொடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாய். “ஒரு துணுக்கு இலைகூட இல்ல. வேர்த்தோலும் மாவுமணியுந்தான். இப்பச் சொல்லுதேன், இது பிரமி இல்ல.”

ஆனால் அது என்ன? அதைச் சொல்லக் கூடியவர் செங்கோட்டைக் கடைக்காரர் ஒருவர்தான். மறுநாள் காலையில் அத்தானையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற வயசாளி. பொட்டலத்தைப் பார்த்ததும் தயங்காமல் சொன்னார்: “இது அமல்பொரியாக்கும். இவர்தான் வந்து பிரமைக்குப் பொடி கேட்டது. பிரமைக்குப் பின்னே வேறெ எந்தா கொடுக்கிறது?”

அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. வைத்தியர் ‘பிரமிப் பொடி’ என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் மாசக்கணக்காக எல்லோர் வாயிலும் புரண்டது பிரமை என்ற சொல். அத்தானின் காது பிரமியையும் பிரமை என்றே கேட்டுக்கொண்டது. கடையில் போய், பிரமைப் பொடி குடுங்க என்றிருக்கிறார். பிரமைக்கு, அதாவது பைத்தியத்துக்கு, மலையாளத்துப் பக்கம் கொடுக்கிற வேரை அந்த மனுஷர் எடுத்துக் கட்டிவிட்டார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. யாராவது ஒருத்தர் மேல் குற்றம் இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும்.

அமல்பொரி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தில் அதற்கு சர்ப்பகந்தா என்று பேர். அதன் வேரில் ரெசர்பின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. நான் வகுப்பில் அதன் அமைப்பைக் கரும்பலகையில் போட்டவள். இரத்த அழுத்தத்தை இறக்கும், மூக்கை அடைக்கும்; கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிறவர்களை அடக்கி உட்கார வைக்கும். மூளையில் ஊக்கத்தைக் கொண்டுசெல்லும் சில பொருள்களின் கையிருப்பை அது காலி செய்துவிடும். அதனால், நன்றாக இருந்தவர்களே அதைச் சாப்பிட்டு மனம் ஒடிந்துபோனதுண்டு. அதைத்தான் ஏற்கெனவே ஒடிந்து கிடந்தவளுக்குத் தினமும் நெய்யில் குழைத்து, நேர்ந்துகொண்டு, ஊட்டியிருக்கிறோம். பஸ்ஸில் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ என் பக்கம் திரும்பாமல் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்கும் பயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

குற்றாலத்தில் இறங்கும்போது சாரல் வலுத்திருந்தது. மேலே மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கக் கூடாது என்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். வாடகை வீட்டு வாசலில் அத்தை தலைவிரி கோலமாக நின்றாள். “கண்ணசந்துட்டேன் தாயி. அசந்து முழிக்கதுக்குள்ள இவளக் காணோம்.”

அத்தான் மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் ஓடினார். நானும் நீயும் ஆற்றுப் பக்கம் இறங்கினோம். வெள்ளத்தைப் பார்க்க வந்த கூட்டம், குடைகள், வறுத்த கடலை, முறுக்கு. யாரைக் கேட்டாலும் பார்க்கவில்லை என்றார்கள். ஈரப் புடவையோடு எத்தனையோ பெண்கள் போகிற ஊரில் எந்தப் பெண்ணைச் சொல்லித் தேடுவது? கோயிலைத் தாண்டி, கூட்டம் குறைகிற இடத்தில் நீதான் முதலில் பார்த்தாய். ஆற்றோரம் ஒரு பாறையின் விளிம்பில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வெள்ளத்துக்குள் இருந்தன. செம்மண் கலந்த தண்ணீர் முழங்காலில் மோதிச் சுழித்துக்கொண்டு போனது.

நான் ஓடப் பார்த்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. “ஓடாத. கூப்பிடவும் செய்யாத. கூப்பிட்டா எழும்புவா. எழும்புனா அந்தப் பொடிக்கு மயக்கம் வரும்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிக்கக்கூட வேண்டாம். சட்டென்று எழுந்து நின்றாலே போதும், அழுத்தம் இறங்கிக் கண் இருட்டி அப்படியே முன்னால் விழுந்துவிடுவாள்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் காலையும் தண்ணீருக்குள் விட்டாய். நான் பின்னால் நான்கு முழம் தள்ளி, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, எழும்பிராதீங்க. ஒங்களுக்குக் குடுத்தது தப்பான பொடி. அதுதான் கண்ண இருட்டுது.”

அக்கா திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, “நிறுத்திட்டா எனக்குச் சரியாயிருமா?” என்று கேட்டாள்.

ஆகும் என்று சொல், சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் கத்தினேன். நீ சொன்னாய்:

“முழுசாச் சரியாவுமான்னு தெரியலக்கா. ஒங்க கஷ்டத்துல பாதி அந்தப் பொடியினால. அந்தப் பாதி போயிரும், அது எனக்கு நிச்சயமாத் தெரியும். உடனே போவாது, கொஞ்ச நாள் எடுக்கும். மீதிப் பாதிய எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில டாக்டர் இருக்காரு, கேப்போம்.”

எனக்கு இரத்தம் கொதித்தது. வெள்ளத்தில் காலை வைத்துக்கொண்டு ஒருத்தி உயிருக்கு வழி கேட்கிறாள். அவளிடம் போய்த் தெரியாது என்று சொல்கிற ஒரு ஜென்மம் உண்டா? அக்கா உன் முகத்தையே பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாறையில் காய்ந்திருந்த ஒரு திட்டு என் கண் முன்னாலேயே நனைந்து மறைந்தது. பிறகு அக்கா ஒரு காலை வெளியே எடுத்தாள்.

“மெதுவாக்கா. உக்காந்தமேனிக்குப் பின்னால நகருங்க” என்றாய். அவள் நகர்ந்து நகர்ந்து என் மடிவரைக்கும் வந்து சேர்ந்தாள். அப்புறம்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். நீ ஒதுங்கிப் போய்ப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாய்.

பொடியை நிறுத்த அத்தை லேசில் சம்மதிக்கவில்லை. “எந்தம்பிக்கு இதே பொடிதான் குடுத்தோம். கத்தித் தெருவையே கூட்டுனவன் அடங்கி உக்காந்துட்டானே” என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க தம்பி கத்துனாரு அத்தை, உக்கார வச்சீங்க. இவ ஏற்கெனவே உக்காந்துட்டா. இன்னும் எங்கன உக்கார வைக்க?” என்றாய். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பொட்டலத்தை அவளே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

பாளையங்கோட்டை டாக்டர், இதை இப்போதாவது நிறுத்தினீர்களே என்றார். வேறு மாத்திரை கொடுத்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு, வைத்தியர் முதலில் சொன்ன அசல் பிரமியையும் பின்னால் கொடுத்தோம். அடுத்து வந்த பொங்கலுக்கு அக்கா அடுப்பு மூட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மூட்டினாள்.

ஆனால் நம் சண்டை அந்தப் பாறையோடு முடியவில்லை. “ஒரு நிமிஷத்துக்கு ஒரு பொய் சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சா போயிரும்?” என்று கேட்டேன். “சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவ வந்து எங்கட்டி சரியாச்சுன்னு கேப்பால்லா, அப்ப என்ன செய்ய?” என்றாய். “நாளைன்னு ஒண்ணு இருந்தாத்தான கேப்பா!” என்று கத்தினேன். அப்புறமும் எத்தனை தடவை இதையே பேசிச் சண்டை போட்டோம்!

அந்தப் பொடிதான் உன்னைப் பிரமியின் பின்னால் கொண்டுபோய் விட்டது. ஒவ்வொரு குளத்துச் செடியும் ஒவ்வொரு அளவில் நுரைத்தது. பாதிக் குளங்களில் சாக்கடை. ஒரே மாதிரிச் செடி வேண்டும் என்றால் திசு வளர்ப்புதான் வழி என்றாய். யாரோ எழுதிய கட்டுரைகளைக் கெஞ்சி வரவழைத்துப் படித்தாய். பிரஷர் குக்கரில் ஜாம் பாட்டில்களை அவித்து, அகர் கூழ் ஊற்றி, விலை கூடிய வளர்ச்சிப் பொருளுக்குப் பதிலாக இளநீர் சேர்த்தாய். நகக்கண் அளவு இலைத்துண்டு ஒன்றிலிருந்து கொத்துக்கொத்தாகத் தளிர் வந்தது. பாதி பாட்டில்களில் பூஞ்சை வந்தது, நீ அழுதாய். மிச்ச பாட்டில்களின் செடிகளை நான் காய்ச்சிச் சாப்போனின் பார்த்தேன். அந்த வருஷங்கள்தான் நாம் சந்தோஷமாக இருந்த வருஷங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தாரே, அதுவும் ஞாபகம் இருக்கிறது. அக்காவின் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரமிதான் அவளைக் குணப்படுத்தியது என்று எழுதிக் கொடுத்தால் உனக்கு வளர்ப்பு அறை ஒன்று நல்லபடியாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். “பொடிய நிறுத்துனோம், மாத்திரை குடுத்தோம், பிரமி குடுத்தோம். பிள்ளையும் வளந்துச்சு. இதுல எது அவளத் தூக்கி விட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதே சார்” என்று அனுப்பிவிட்டாய். கடைசிவரைக்கும் ஜாம் பாட்டில்தான். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவும் வந்தாள். எழுபது தாண்டிவிட்டது அவளுக்கு. ஊருக்குத் திரும்பும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாறையைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசாதவள், தானாகவே ஆரம்பித்தாள்.

“அப்போ எல்லாரும் எங்கிட்ட சரியாயிரும் சரியாயிரும்னே சொன்னா. அத்தை, ஒங்க அத்தான், நீ, எல்லாருந்தான். எனக்குத் தெரியும், ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு. அவ ஒருத்திதான் தெரியலக்கான்னா. இவ தெரியாதத் தெரியாதுங்கா, அப்போ தெரியும்னு சொல்லுத பாதி நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அதான் கால எடுத்தேன்.”

நாற்பது வருஷமாக உன்னிடம் போட்ட சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். அதைச் சொல்ல நீ இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார் குற்றாலத்தைத் தாண்டியபோது அக்கா என் கையைப் பிடித்தாள். நீ போன பிறகு அவளுக்குத் தூக்கம் சரியில்லை. பழையபடி சோறு இறங்கவில்லை. மறுபடியும் பாளையங்கோட்டைக்கு ஒரு தடவை போய்வந்திருந்தோம். “ஏட்டி, எனக்குத் திரும்ப அது மாதிரி வந்துருமா?” என்று கேட்டாள்.

வராது என்ற சொல் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. என் கூடப் பிறந்தவள், எழுபது வயசில் சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்க்கிறாள்.

“தெரியலக்கா” என்றேன். “ஆனா இந்தத் தடவ முதல்லயே டாக்டர்ட்ட போயிட்டோம். நானும் கூட இருக்கேன். அது ரெண்டும் எனக்குத் தெரியும்.”

அவள் என் கையை விடாமல், தலையைச் சாய்த்து, அச்சன்புதூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தாள்.